தலைக்கு எவ்வளவு?

2022ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கரின் மருத்துவத்துக்குச் சராசரியாக எவ்வளவு செலவானது? அமெரிக்க அரசின் மெடிகேர், மெடிகெய்ட் சேவை மையம் 13,493 டாலர் என்றது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 12,555 டாலர் என்றது. அதே நாடு, அதே ஆண்டு, அதே டாலர். ஆனாலும் 938 டாலர் உதைக்கிறது. இலங்கையில் அரசும் தனியாரும் சேர்ந்து ஓர் ஆளின் ஓராண்டு மருத்துவத்துக்குச் செலவழிப்பதே 160 டாலர் வாக்கில்தான். இரண்டு அமெரிக்கக் கணக்குகளுக்கு நடுவே விழும் துண்டை வைத்தே ஐந்து இலங்கையர்களுக்கு ஆண்டு முழுக்க வைத்தியம் பார்த்துவிடலாம்.

இதில் யார் கணக்கும் தப்பில்லை. புதிய மருத்துவமனைக் கட்டடம், கருவிகள், ஆராய்ச்சி ஆகியவற்றில் போடும் முதலீட்டை அமெரிக்க அரசு செலவில் சேர்க்கிறது. ஓஇசிடி அதை ஒதுக்கிவிட்டு, அந்த ஆண்டு நடந்த கவனிப்புக்கான செலவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வித்தியாசத்தில் பெரும்பகுதி இதனால் வருவது. ‘தலா மருத்துவச் செலவு’ என்று பத்திரிகையில் ஒரு பட்டைப்படம் வந்தால், ஒவ்வொரு பட்டையின் உயரத்துக்குப் பின்னாலும் இப்படி நூறு முடிவுகள் இருக்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த நாணயத்தில் எழுதுவது, எதால் வகுப்பது என்று யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருப்பார்கள்.

இந்தக் கணக்கை முறையாகப் போட முனைந்தவர்களில் முன்னோடி, பிரயன் ஏபல்-ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொருளியலர். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. எல்லோருக்கும் இலவசம் என்றதும் செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஓடியது. கஜானா காலியாகிவிடும் என்ற கூக்குரல் எழுந்தது. 1953இல் அரசு கில்பாட் என்ற பொருளியலர் தலைமையில் ஒரு குழு போட்டது. குழுவுக்காகக் கணக்குப் பார்த்த ஏபல்-ஸ்மித்துக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சமூகநலக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் துணை நின்றார். 1956இல் வெளியான முடிவு அரசையே திகைக்க வைத்தது. பவுண்டுக் கணக்கில் செலவு கூடியது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி விலைவாசி ஏற்றம்தான்; நாட்டின் வருமானமோ அந்தச் செலவைவிட வேகமாகக் கூடியிருந்தது. 1949-50இல் தேசிய உற்பத்தியில் 3.75 சதவீதமாக இருந்த சுகாதார சேவைச் செலவு, 1953-54இல் 3.25 சதவீதமாக இறங்கியிருந்தது. ஊதாரி என்று பெயர் வாங்கிய சேவை, உண்மையில் இளைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து ஏபல்-ஸ்மித்தை உலக சுகாதார நிறுவனம் அழைத்துக்கொண்டது. ஒரு நாட்டின் கணக்கே இத்தனை வழுக்குகிறதென்றால் பல நாடுகளை எப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது? 1963இல் வந்த அவருடைய முதல் ஒப்பீட்டில் ஆறு நாடுகள் இருந்தன: அமெரிக்கா, ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, இஸ்ரேல், சிலி, சிலோன். இன்றுகூடப் பல பட்டியல்களில் இலங்கை அடிக்குறிப்பாகத்தான் வருகிறது. ஆனால் இந்தத் துறை பிறந்தபோதே அது தொட்டிலருகில் இருந்திருக்கிறது.

பிறகு 2000இல் ஓஇசிடி ஒரு பொதுக் கணக்கு முறையை வகுத்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம், ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் ஆகியவற்றோடு சேர்ந்து அதைத் திருத்தியது. திருத்தத்தின் விளைவை ஸ்வீடனில் பார்க்கலாம். அந்த நாட்டின் வரைபடக் கோடு 2011இல் திடீரென்று எகிறும். மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 2 சதவீதப் புள்ளி. அந்த ஆண்டு ஸ்வீடனில் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. முதியோர் பராமரிப்பில் நகராட்சிகள் செய்துவந்த செலவு அதுவரை சமூகநலக் கணக்கில் இருந்தது. அதில் பெரும்பங்கு மருத்துவக் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு மூதாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கும் வேலையை ஸ்டாக்ஹோமில் நகராட்சி ஊழியர் செய்தால் அது மருத்துவச் செலவு. அதையே திருநெல்வேலியில் மருமகள் செய்தால் கணக்கில் பூஜ்யம். நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் நோயாளியோடு ஒருவர் கட்டாயம் தங்குகிறார். சலைன் பாட்டில் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடுவது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது, ரத்தப் பரிசோதனை முடிவுக்கு வரிசையில் நிற்பது எல்லாம் அவர் பாடு. அவருக்குச் சம்பளம் இல்லை. வேலைக்குப் போகாததால் போன கூலியும் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஏழை நாடுகளின் செலவு குறைவாகத் தெரிவதற்கு இவர்களின் உழைப்பு ஒரு காரணம். பெரும்பாலும் பெண்கள்தான்.

இனி நாணயம். இந்தியாவின் தேசிய சுகாதாரக் கணக்கு 2021-22ஆம் ஆண்டுக்குத் தரும் தலா செலவு 6,602 ரூபாய். நாளுக்குப் பதினெட்டு ரூபாய். அந்த ஆண்டின் சந்தை மதிப்பில் டாலராக்கினால் 90ஐக்கூடத் தொடாது. ஆனால் சென்னையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வெட்டிக்கொள்ளும் தலைமுடியை நியூயார்க்கில் இரண்டு டாலருக்கு வெட்டிக்கொள்ள முடியுமா? முடியாது, பதினைந்து, இருபது மடங்கு கேட்பார்கள். கத்தரி வேலைக்கு உள்ள இந்த விதி ஊசி போடும் வேலைக்கும் உண்டு. ஆகவேதான் பொருளியலர்கள் ‘வாங்கும் திறன் சமநிலை’ என்ற மாற்று விகிதத்தைப் பயன்படுத்துகிறார்கள். 2017ஆம் ஆண்டின் உலகளாவிய விலை ஒப்பீட்டில் ஒரு டாலருக்கு 20.65 ரூபாய் என்று வந்தது. சந்தையில் அப்போது டாலர் 65 ரூபாய். வாங்கும் திறன் கணக்கில் போட்டால் நம் 6,602 ரூபாய் 300 டாலரைத் தாண்டிவிடும். இரண்டில் எது சரி என்பது, பணத்தைக் கொண்டு எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. நர்ஸின் சம்பளம் உள்ளூர் விலை. இறக்குமதி செய்த ஸ்கேன் எந்திரம் டாலர் விலை.

2022இல் இலங்கை இதை வலிக்க வலிக்கக் கற்றது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் என்றிருந்தது, மே மாதத்துக்குள் 360 ஆனது. டாலரில் எழுதினால் தலா மருத்துவச் செலவு சில வாரங்களில் பாதியை நெருங்கிச் சரிந்துவிட்டது. மருத்துவர்கள் அதே வார்டில் அதே சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த அளவில் அது காகிதச் சரிவுதான். ஆனால் நாட்டின் மருந்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. டாலர் இல்லாததால் மருந்து வரவில்லை. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. காகிதச் சரிவும் நிஜச் சரிவும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடந்தன.

தலா செலவை விட்டுவிட்டு, நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் இந்தத் தொல்லை தீருமே எனலாம். நாணயத் தொல்லை தீரும், வேறொன்று வரும். 2015இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் கால்பங்குக்கு மேல் உயர்ந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் வரிக்காகத் தங்கள் காப்புரிமைகளையும் சொத்துகளையும் அங்கே மாற்றி எழுதியதன் மாயம். வகுக்கும் எண் ஊதியதும் மருத்துவச் செலவின் சதவீதம் சடக்கென்று இறங்கியது. டப்ளின் மருத்துவமனையில் ஒரு கட்டில்கூடக் குறையவில்லை. அயர்லாந்தே பின்னர் தன் உற்பத்தி எண்ணை நம்பாமல் திருத்திய வருமானக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டது.

வகுக்கும் எண்ணாக மக்கள்தொகையை வைத்தாலும் கிடைப்பது இல்லாத ஆள்தான். அமெரிக்காவில் அதிகம் செலவாகும் 5 சதவீத மக்களுக்கு மொத்தச் செலவில் பாதி போகிறது. குறைவாகச் செலவாகும் பாதிப் பேருக்கு மொத்தமாக 3 சதவீதம் போதும். 13,493 டாலர் செலவழித்த ‘சராசரி அமெரிக்கரை’த் தேடினால் ஆள் கிடைப்பது அரிது. ஒருவருக்குச் சில நூறு, இன்னொருவருக்குச் சில லட்சம்.

சரி, இத்தனை ஓட்டைகளையும் மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? 2022இல் ஓஇசிடியின் சராசரி 4,986 டாலர். சுவிட்சர்லாந்து 8,049, ஜெர்மனி 8,011, பிரிட்டன் 5,493, ஜப்பான் 5,251, மெக்சிகோ 1,181. பணக்கார நாடு அதிகம் செலவழிக்கிறது என்பது பார்த்ததும் புரியும். இதை அளந்து காட்டியவர் அமெரிக்கப் பொருளியலர் ஜோசப் நியூஹவுஸ். 1977இல் அவர் 13 நாடுகளை எடுத்துக்கொண்டு, நாடுகளுக்கு இடையிலுள்ள மருத்துவச் செலவு வேறுபாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் தலா வருமானத்தைக் கொண்டே விளக்கிவிடலாம் என்றார். நோய் எவ்வளவு, முதியோர் எத்தனை பேர் என்பவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வருமானத்தையும் செலவையும் இணைத்து ஒரு கோடு வரைந்தால், அதற்குள் அடங்காத நாடு அமெரிக்கா. வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அது கோட்டுக்கு மேலே வெகு உயரத்தில் தனியாக நிற்கிறது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்: அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் ஸ்கேன் எடுக்கிறார்கள், மருத்துவமனையிலேயே கிடக்கிறார்கள், வழக்குக்குப் பயந்து மருத்துவர்கள் தேவையில்லாத பரிசோதனை எழுதுகிறார்கள். 2003இல் ஜெரார்ட் ஆண்டர்சன், ஊவே ரைன்ஹார்ட் உள்ளிட்ட நால்வர் ‘ஹெல்த் அஃபேர்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இந்தப் பேச்சைத் திசைதிருப்பியது. அமெரிக்கர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவரிடம் போவதில்லை, அதிக நாள் படுத்திருப்பதும் இல்லை. பயன்பாடு பல விஷயங்களில் குறைவுதான். விலைதான் அதிகம் என்றார்கள் அவர்கள். ரைன்ஹார்ட் 2017இல் காலமானார். 2019இல் மற்றவர்கள் புதிய எண்களோடு அதே கட்டுரையை மறுபடி எழுதினார்கள். விடை மாறவில்லை.

ஜப்பானை அருகில் வைத்துப் பார்த்தால் இது துலக்கமாகும். ஜப்பானியர் ஒருவர் ஆண்டுக்குப் பத்துத் தடவைக்கு மேல் மருத்துவரைப் பார்க்கிறார்; அமெரிக்கர் நான்கு தடவை. ஆயிரம் பேருக்கு ஜப்பானில் 12க்கு மேல் படுக்கைகள். அமெரிக்காவில் மூன்றுக்கும் குறைவு. பத்து லட்சம் பேருக்கு எம்.ஆர்.ஐ. எந்திரங்கள் ஜப்பானில் 55க்கு மேல். அமெரிக்காவில் 40ஐ ஒட்டி. இந்த மூன்றிலும் ஜப்பான்தான் முன்னால். செலவில் பாதியைக்கூட எட்டவில்லை.

சூட்சுமம் ஒரு விலைப்பட்டியலில் இருக்கிறது. ஜப்பானில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஊசிக்கும் தையலுக்கும் இத்தனை புள்ளி என்று அரசு எழுதி வைத்திருக்கிறது. ஒரு புள்ளிக்கு 10 யென். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை என்றாலும், தெருமுனை கிளினிக் என்றாலும், காப்பீடு எதுவானாலும் அதே புள்ளிதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர்களும் காப்பீட்டுத் தரப்பினரும் உட்கார்ந்து பேரம் பேசிப் பட்டியலைத் திருத்துகிறார்கள். எதன் எண்ணிக்கை கட்டுமீறிப் போகிறதோ அதன் புள்ளியில் கை வைப்பார்கள். 2002இல் எம்.ஆர்.ஐ. கட்டணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெட்டினார்கள். எந்திரத் தயாரிப்பாளர்கள் கடையைச் சாத்திவிடவில்லை. சின்னதாக, மலிவாக எந்திரம் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஒரே மருத்துவமனையில் ஒரே ஸ்கேனுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனம் ஒரு விலை தருகிறது, இன்னொன்று வேறு விலை. காப்பீடு இல்லாதவருக்கு மூன்றாவது விலை. இந்த விலைகளை வெளியிட வேண்டும் என்ற விதியே 2021 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. இத்தனை விலைகளைப் பேசவும் பில் போடவும் மறுக்கவும் மேல்முறையீடு செய்யவும் ஒரு படையே வேண்டும். 2018இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஒப்பீட்டின்படி அமெரிக்க மருத்துவச் செலவில் 8 சதவீதம் நிர்வாகத்துக்குப் போகிறது; மற்ற பணக்கார நாடுகளில் 1 முதல் 3 சதவீதம்.

மருந்திலும் இதே கதை. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரொன்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். யாரும் அதை வைத்துக் கொள்ளையடிக்கக் கூடாது என்பது நோக்கம். ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்டபோது, தயாரிப்பாளர் விலை அமெரிக்காவில் சராசரியாக 98.70 டாலர்; அதே அளவு மருந்துக்கு மற்ற ஓஇசிடி நாடுகளில் 8.81 டாலர். இது தள்ளுபடி கழிக்காத விலை. பாதியைக் கழித்தாலும் இடைவெளி பல மடங்குதான். 2003இல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் மருந்தைச் சேர்த்த சட்டம், அரசு மருந்து விலையைப் பேரம் பேசக் கூடாது என்றும் சேர்த்தே எழுதியது. நாட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளரின் வாயைக் கட்டிவிட்டுச் சந்தைக்கு அனுப்பியதைப் போல. 2022இல்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. முதல் பத்து மருந்துகளின் பேரம் பேசிய விலைக்கு 2026 ஜனவரியைத் தேதியாகக் குறித்தார்கள். புது மருந்து ஆராய்ச்சிக்கு அமெரிக்கரின் காசுதான் உலகத்துக்கே உதவுகிறது என்ற மறுவாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. நூறாண்டு பழைய இன்சுலினுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கம் தலா செலவு, மறுபக்கம் ஆயுட்காலம் என்று போட்டு, அமெரிக்கா மூலையில் பரிதாபமாக நிற்கும் படம் பிரபலம். 2022இல் அமெரிக்க ஆயுட்காலம் 77.5 ஆண்டு, ஜப்பானியருக்கு 84. படம் தப்பில்லை, அதிலிருந்து ‘இத்தனை காசு வாங்கியும் அமெரிக்க மருத்துவர்கள் ஆயுளைக் கூட்டவில்லை’ என்று முடிவுகட்டுவதுதான் தப்பு. 2021இல் மட்டும் அங்கே போதைப்பொருள் மிகைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் பலியானார்கள். துப்பாக்கியும் சாலை விபத்தும் உடற்பருமனும் தனி. இவற்றில் பல இளம் வயதில் கொல்பவை. ஆயுட்காலச் சராசரியை ஆழமாக வெட்டும். அறுவைச் சிகிச்சை அரங்கின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

பெரிய எண்ணைப் போலவே சின்ன எண்ணும் இரட்டை வேஷம் போடும். தலைக்கு நூறு டாலர்தான் செலவு என்றால், மக்களுக்கு வைத்தியமே கிடைக்கவில்லை என்று இருக்கலாம். சாமர்த்தியமாக வாங்கினார்கள் என்றும் இருக்கலாம். எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

சாமர்த்தியத்துக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை 1971இல் நிறுவ வழிசெய்தார். தேவையான மருந்துகளை மட்டும் பட்டியலிட்டு, வணிகப் பெயரை ஒதுக்கி, மருந்தின் பொதுப்பெயரில், நாடு முழுவதுக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது அவர் வகுத்த வழி. தமிழ்நாட்டில் அதன் உறவுமுறை என்று சொல்லத்தக்கது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதற்கு முன் மருந்து வாங்குவது சிதறிக் கிடந்தது. கிடைக்க வேண்டிய இடத்தில் கிடைக்காது, கிடைத்த இடத்தில் காலாவதியாகும். கழகம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. ஆண்டுக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு வைக்கப்படும். மருத்துவமனை தன் தேவைப்படி மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்ததற்குரிய தொகை கழிக்கப்படும். எந்தக் கிடங்கில் எது தீர்கிறது என்பது சென்னையில் கம்ப்யூட்டரில் தெரியும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இந்த வழியைப் பின்பற்றின. 1985இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை ‘குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம்’ என்று நடத்திய ஆய்வில் சீனா, கோஸ்டாரிகா, கேரளம், இலங்கை ஆகியவை இடம்பெற்றன. கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதன் தொடர்ச்சியாக வந்த நூலில் தமிழ்நாடு ஓர் அத்தியாயம்.

இப்போது ஒரு ரத்த அழுத்த மாத்திரையைப் பின்தொடரலாம். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டைக் காட்டி வாங்கினால், அது தேசியக் கணக்கில் டெண்டர் விலையில் ஏறும். அதே ஆள் வரிசைக்கு அலுத்துப்போய் எதிர்க்கடையில் வாங்கினால், அதே வேதிப்பொருள் சில்லறை விலையில் ஏறும், பல மடங்கு. உடம்புக்குள் போனது ஒன்றுதான். அரசு மருந்தகம் நன்றாக நடக்க நடக்க, மாநிலத்தின் மொத்த மாத்திரை எண்ணிக்கை கூடிக்கொண்டே தலா செலவு குறையவும் கூடும். தலா செலவை உயர்த்துவதுதான் முன்னேற்றம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த மாத்திரையைக் காட்டலாம். ஆனால் மாத்திரையை எழுதித் தரும் மருத்துவர் இல்லாத ஊரிலும் தலா செலவு குறைவாகத்தான் இருக்கும். ஆகவே அரசு செலவைக் கூட்டத் தேவையில்லை என்று இதை வளைப்பவர்கள் என்னைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

ஒப்பீட்டுப் பட்டியலில் நான் முதலில் தேடும் எண் மொத்தத் தொகை அல்ல. அதில் எத்தனை பங்கு நோயாளியின் கைக்காசு என்பதுதான். அமெரிக்கா இங்கே எதிர்பாராத இடத்தில் நிற்கிறது. 2022இல் மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம்தான் நேரடிக் கைக்காசு. மீதியைக் காப்பீடும் அரசும் கட்டுகின்றன. காப்பீட்டுச் சந்தாவாக அதுவும் சம்பளத்திலிருந்து போவது வேறு விஷயம். இந்தியாவில் 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்த கைக்காசுப் பங்கு, 2021-22இல் 39.4 சதவீதமாக இறங்கியதாக அரசுக் கணக்கு சொல்கிறது. இறங்கிய பிறகும் 6,602 ரூபாயில் 2,600. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்து நானூறு. மாதத்துக்குத் தொள்ளாயிரத்துக்குள் அடங்கும் தொகை. அப்படி மாதாமாதம் பிரித்துக் கேட்டால் பல குடும்பங்கள் சமாளித்துவிடும். பில் அப்படி வருவதில்லை. ஒன்பது வீட்டில் எதுவும் ஆகாது; பத்தாவது வீட்டில் குடல்வால் வெடிக்கும், அட்மிஷன் போடும் முன்பு கவுன்ட்டரில் முன்பணம் கேட்பார்கள், அன்று இரவுக்குள் யாராவது நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போக வேண்டும். அடகுக்கடை வட்டி சுகாதாரக் கணக்கில் வராது. அது நிதிச் சேவை.